மூன்றாம் முறையும் அதே போர்டு

மடிக்கணினி பழுதாவதில் வியப்பொன்றும் இல்லை. 2009இல் அமெரிக்காவின் ஸ்குவேர்டிரேட் நிறுவனம் ஏறத்தாழ 30,000 மடிக்கணினிகளின் பழுதுக் கணக்கை வெளியிட்டது. வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று ஏதேனும் ஒரு வகையில் செயலிழந்திருந்தது. கீழே விழுந்தவை, தண்ணீர் கொட்டியவை ஆகியவற்றைக் கழித்துவிட்டாலும் ஐந்தில் ஒன்று தானாகவே கெட்டிருந்தது. கூடுதல் வாரன்ட்டி விற்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். பழுது அதிகம் என்று காட்டுவதில் அதற்கு ஆதாயம் உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தாலும், லேப்டாப் வைத்திருப்பவர்களின் அனுபவத்துக்கு அந்த எண் முரணாக இல்லை.

என் கவலை முதல் பழுதைப் பற்றியதன்று. இரண்டாவதையும் மூன்றாவதையும் பற்றியது. ஐந்தில் ஒன்று என்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம். பழுதுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தற்செயலாக வருபவை என்றால், ஒருவர் வாங்கும் மூன்று இயந்திரங்களும் மூன்று ஆண்டுகளுக்குள் கெடுவதற்கான வாய்ப்பு 125இல் ஒன்று. ஒரே இயந்திரத்தில் ஒரே பாகம் ஓராண்டுக்குள் மூன்று முறை போவதற்கான வாய்ப்பு அதைவிடவும் மிகக் குறைவு. ஆனால் எந்த சர்வீஸ் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும், “இது மூணாவது தடவைங்க” என்று சொல்லும் ஒருவராவது கண்ணில் படுவார். தற்செயலால் இதை விளக்க முடியாது. அந்தப் பழுதுகளுக்கெல்லாம் பொதுவான காரணம் ஒன்று உள்ளே இருக்கிறது. மூன்று முறை வந்தாலும் அது ஒரே பழுதுதான். உத்தரவாத முறையோ ஒவ்வொரு முறையும் புதிய புகார் எண் போட்டு, பாகத்தை மாற்றி, கணக்கை மூடிவிடுகிறது. வாங்கியவர் படும் அலைச்சலில் பெரும்பகுதி இந்த முரணிலிருந்தே வருகிறது.

பொதுக் காரணங்களில் முதலாவது வடிவமைப்பு. அதற்கு நன்கு பதிவான சான்று என்விடியா நிறுவனத்துடையது. 2008 ஜூலை 2 அன்று அந்த நிறுவனம், மடிக்கணினிகளுக்கு விற்ற தன் கிராபிக்ஸ் சிப்களில் சில வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாவதாக அறிவித்து, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிப்பையும் அதன் பொதிவையும் செய்யப் பயன்பட்ட பொருள்கள் பலவீனமானவை என்பது அது சொன்ன காரணம்.

அந்தப் பலவீனம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது பயனுள்ளது. சிப் பதிந்த தாய்ப்பலகையை, அதாவது போர்டை, மாற்றினாலும் அது ஏன் மீண்டும் போகிறது என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. சிலிக்கான் சிப், அதைத் தாங்கும் சிறு பலகையோடு நுண்ணிய உலோக மொட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். சூடேறும்போது சிலிக்கான் மிகக் குறைவாகவே விரியும். பலகை அதைப்போலச் சில மடங்கு விரியும். வேலை நடக்கும்போது வெப்பம் 80, 90 டிகிரிக்குப் போகும், அணைத்ததும் அறை வெப்பத்துக்கு இறங்கும். இந்த ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் நடுவில் அகப்பட்ட மொட்டுகள் இழுபடுகின்றன. அவற்றைத் தாங்கிப் பிடிக்க இடைவெளியில் ஒரு பசையை நிரப்பியிருப்பார்கள். அந்தப் பசை குறைந்த வெப்பத்திலேயே இளகும் வகையாக இருந்தால், பாரம் முழுதும் மொட்டுகளின் மேல் விழும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறிவதுபோல், அவையும் முறியும்.

இந்த முறிவுக்கு மாதங்கள் ஆகும். ஆகவே வாரன்ட்டியில் வரும் புதிய போர்டு முதல் நாள் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். பொறியாளர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது நல்ல போர்டுதான். ஆனால் அதே சிப், அதே பசை, அதே மொட்டுகள். எட்டு மாதமோ பத்து மாதமோ கழித்து அதே இடத்தில் அதே முறிவு வரும். இடையில் வாரன்ட்டி முடிந்திருந்தால் செலவு வாங்கியவர் தலையில்.

என்விடியாவின் அறிவிப்பை அடுத்து டெல் நிறுவனம், விசிறியைக் கூடுதல் நேரம் ஓட வைக்கும் பயாஸ் மேம்படுத்தலை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களின் வாரன்ட்டியை 12 மாதம் நீட்டவும் செய்தது. விசிறி ஓடினால் வெப்ப ஏற்றத்தாழ்வு குறையும், முறிவு தள்ளிப்போகும். தள்ளிப்போகுமே தவிர நீங்காது. ஆப்பிளின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. மேக் கணினிகளுக்குப் பாதிப்பில்லை என்று என்விடியா தனக்கு உறுதி கூறியிருந்ததாகவும், தானே ஆராய்ந்த பிறகு சில மேக்புக் புரோக்களும் பாதிக்கப்பட்டவை என்று கண்டதாகவும் ஆப்பிள் 2008 அக்டோபரில் அறிவித்தது. லட்சக்கணக்கில் சிப் வாங்கும் நிறுவனத்துக்கே பழுதின் உண்மைக் காரணம் உடனே கிடைக்கவில்லை என்றால், கவுன்டரில் டோக்கன் வாங்கி நிற்பவருக்கு எப்படிக் கிடைக்கும்?

சென்னை ரிச்சி தெரு, டெல்லி நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்.பி. ரோடு போன்ற இடங்களில் வாரன்ட்டி முடிந்த போர்டுகளைச் சூடுகாட்டி உயிர்ப்பிக்கும் தொழில் இந்த வகைப் பழுதுகளால் வளர்ந்தது. அந்தக் கைகளின் திறமை மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் முறிவு சிப்பின் பொதிவுக்குள்ளேயே இருக்கும்போது, சூடுகாட்டினால் ஒட்டுவது தற்காலிகம்தான். அடியிலுள்ள பற்றவைப்புக் குண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாலும் அப்படித்தான். திருத்திய வடிவில் வந்த சிப்பைப் பொருத்தினால் மட்டுமே பழுது தீரும். வாரன்ட்டி மாற்றத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: வரும் பாகம் திருத்தப்பட்ட வடிவமா, பழைய வடிவமா? கவுன்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கேட்பவர் மிகக் குறைவு.

இது என்விடியாவோடு தொடங்கிய கதையும் அன்று, முடிந்த கதையும் அன்று. அதற்கு முன்பே, ஐபுக் கணினிகளின் லாஜிக் போர்டுகள் தொடர்ந்து பழுதானதால் 2004 ஜனவரியில் ஆப்பிள் தனி இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்க நேர்ந்தது. அடுத்த தலைமுறை ஐபுக்கை டென்மார்க்கின் நுகர்வோர் அமைப்பு ஆய்வுக்கூடத்துக்கே அனுப்பிச் சோதித்து, அணைத்து இயக்கும் வெப்ப மாற்றத்தால் பற்றவைப்பு முறிகிறது என்று 2007இல் வெளியிட்டது. வாங்கியவர் தனியாகச் செய்ய முடியாத வேலையை ஒரு பொது அமைப்பு எடுத்துச் செய்தது. நம் நாட்டில் இதற்கு நிகரான ஒன்றை நான் காணவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சிப்புக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது; விசைப்பலகை தெரியும். 2015இல் ஆப்பிள் மெல்லிய ‘பட்டாம்பூச்சி’ விசைப்பலகையைக் கொண்டுவந்தது. விசைகள் அழுந்தாமல் நின்றன, அல்லது ஒருமுறை தட்டினால் இருமுறை எழுத்து விழுந்தது. 2018 ஜூனில், விற்ற நாளிலிருந்து நான்கு ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்யும் திட்டம் வந்தது. ஒரு விசை போனாலும் பல நேரங்களில் பேட்டரியோடு சேர்ந்த மேல்தட்டு முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றி வைத்ததும் பட்டாம்பூச்சி வகைதான். கலிபோர்னியாவில் நடந்த கூட்டு வழக்கின் மையமே இதுதான்: சரிசெய்யும் திட்டம் எதையும் சரிசெய்யவில்லை, ஒரு குறைபாட்டை எடுத்து அதே குறைபாட்டை வைத்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் ஆப்பிள் பழைய கத்தரி வகை விசைப்பலகைக்குத் திரும்பியது.

2022 ஜூலையில் அந்த வழக்கு 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தவறு எதையும் ஆப்பிள் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் பங்கீட்டு முறையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். விசை மூடிகளை மட்டும் மாற்றியவர்களுக்கு அதிகபட்சம் 50 டாலர், ஒருமுறை மேல்தட்டு மாற்றியவர்களுக்கு 125, இரண்டு அல்லது அதற்கு மேல் மாற்றியவர்களுக்கு 395 வரை. இரண்டாம் முறை என்பது முதல் முறையின் இருமடங்கு அல்ல, மூன்று மடங்கு. திரும்பத் திரும்ப அலைந்தவரின் இழப்பு தனித்தனிப் பழுதுகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது என்பதை ஒரு சமரசப் பத்திரமே ஒப்புக்கொண்டது. ஆனால் அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டுமே அந்தப் பணம். கோவையில் வாங்கியவருக்கும் கொழும்பில் வாங்கியவருக்கும் அதில் ஒன்றுமில்லை.

இரண்டாவது காரணம், வைக்கப்படும் பாகத்தின் வரலாறு. பெரும்பாலான உத்தரவாதப் பத்திரங்களில், “புதிய அல்லது புதுப்பிக்கப்பட்ட பாகங்கள் பயன்படுத்தப்படலாம்” என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இன்னொருவர் கணினியிலிருந்து கழற்றி, பழுதுநீக்கி, சோதித்து, கிடங்குக்கு அனுப்பிய போர்டு நம் கணினிக்குள் வரலாம். மறுபயன்பாடு நல்லதுதான், மின்குப்பை குறையும். ஆனால் அது ஏற்கெனவே எத்தனை முறை பழுதானது, எந்தப் பழுது என்பது பொறியாளருக்கும் தெரியாது. விட்டுவிட்டு வரும் கோளாறு உள்ள போர்டு, கிடங்குச் சோதனையில் கோளாறு தெரியாமல் தேறி, அடுத்த வாடிக்கையாளருக்குப் போக எந்தத் தடையும் இல்லை.

மூன்றாவது காரணத்தோடு இது இணைகிறது. குளிரூட்டிய அறையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து “கோளாறு எதுவும் இல்லை” என்று எழுதித் தரும் பழக்கம் பரவலானது. வெப்பத்தால் வரும் பழுது, சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் நாற்பது நிமிடம் வேலை செய்த பிறகே தலைகாட்டும். சென்டரில் காட்டாது. விண்டோசைப் புதிதாக நிறுவித் திருப்பித் தருவார்கள், கோப்புகள் போனதுதான் மிச்சம். இதற்கு ஒரே மாற்று, கோளாறு வரும்போது கைபேசியில் காணொளி எடுத்து வைப்பது. திரையில் தேதியும் நேரமும் தெரிய, சார்ஜர் செருகியிருக்கிறதா என்பதும் தெரிய எடுத்தால், அதைப் பார்த்த பிறகு “கோளாறு இல்லை” என்று எழுதுவது கடினம்.

நான்காவது, நம் வீடும் காற்றும். இதைச் சொன்னால் பழியை வாங்கியவர் மேல் போடுவதாகத் தோன்றும். ஆனால் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாதனங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோது, சர்க்யூட் போர்டுகளின் மேற்பூச்சும் மாறியது. அவற்றில் சில வகைகள், குறிப்பாக வெள்ளிப் பூச்சு, காற்றிலுள்ள கந்தகத்தால் அரிக்கப்படுபவை. சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்பி வந்த போர்டுகளில் இத்தகைய அரிப்பை இன்டெல் நிறுவனம் கண்டதாக 2013இல் செய்தி வந்தது. அனல்மின் நிலையங்கள், டீசல் ஜெனரேட்டர்கள், சாக்கடை ஓரம், கடற்காற்று எல்லாம் உள்ள நம் நகரங்களில் இது புறக்கணிக்கத்தக்க காரணமல்ல. மூன்றாம் முள் தொடுப்பில்லாத பிளக், எர்த் சரியில்லாத வீட்டு இணைப்பு, இன்வெர்ட்டர் மாறும்போது ஏற்படும் மின்னழுத்தக் குதிப்பு ஆகியவையும் பவர் பகுதியைத் தாக்கும். இரண்டாம் முறை போர்டு போனதுமே ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுவது நல்லது. குறை இருந்தால் மூன்றாவது போர்டு தப்பும். இல்லையென்றால், அந்தக் காரணத்தைச் சொல்லி நிறுவனம் கைகழுவ முடியாது.

இனி சட்டம். பழுதுகளைத் தனித்தனியாகப் பார்ப்பதா, சேர்த்துப் பார்ப்பதா என்ற கேள்விக்கு நாடுகள் தரும் விடைகள் வியக்கத்தக்க அளவு வேறுபடுகின்றன. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் சட்டப்படி, ‘முழு உத்தரவாதம்’ தந்த நிறுவனம் நியாயமான அளவு முயன்றும் பழுதை நீக்க முடியாவிட்டால், மாற்றுப் பொருளா பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கியவருக்குத் தர வேண்டும். இதனால்தான் மடிக்கணினிப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ‘வரையறுக்கப்பட்ட உத்தரவாதம்’ என்று அச்சிட்டிருக்கும். அந்த ஒரு அடைமொழியால் நிறுவனம் மேற்சொன்ன கடமையிலிருந்து வெளியேறிவிடுகிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இதில் மிகக் கறாரானது: பழுதுநீக்கமோ மாற்றமோ ஒரே ஒரு வாய்ப்புதான். அதன் பிறகும் பொருள் சரியில்லை என்றால் வாங்கியவர் அதைத் திருப்பித் தந்து பணம் கேட்கலாம், முதல் ஆறு மாதங்களுக்குள் என்றால் பயன்படுத்தியதற்கான கழிவுகூட இல்லாமல். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலிருக்கும் சட்டம், ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்கிறது; அப்படியில்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய பழுதுநீக்க உரிமை ஆணையின்படி, பழுதுநீக்கத்தைத் தேர்ந்தெடுப்பவருக்குச் சட்டப்படியான உத்தரவாதம் 12 மாதம் நீளும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியாவின் ஏற்பாடு. 2020 டிசம்பரில் அங்கே நுகர்வோர் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் சிறியவையாக உள்ள இரண்டோ அதற்கு மேற்பட்டோ பழுதுகள், ஒருசேரப் பார்க்கையில் பெரும்பழுதாகக் கருதப்படலாம். இவையெல்லாம் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் நியாயமான ஒருவர் இதை வாங்கியிருப்பாரா என்பதே அளவுகோல். பழுதுகள் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. முதலில் திரை, பிறகு போர்டு, பிறகு பேட்டரி என்று அலைக்கழிந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான சட்ட வாசகம் கிடையாது.

இந்தியாவில் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை. குறையை நீக்கவோ, குறையில்லாத புதிய பொருள் தரவோ, வட்டியோடு பணத்தைத் திருப்பவோ, இழப்பீடு தரவோ மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இணையம் வழியாகவும் போடலாம். காலவரம்பு இரண்டு ஆண்டு. முதல் படியாக 1915 என்ற தேசிய உதவி எண் உண்டு. பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

எத்தனையாவது பழுதில் வாங்கியவர் “போதும்” என்று சொல்லலாம் என்பதற்கு மட்டும் நம் சட்டத்தில் வரி இல்லை. எல்லாம் ஆணையத்தின் பார்வையைப் பொறுத்தது. உற்பத்திக் குறைபாடு என்பதற்கு நிபுணர் சான்று எங்கே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை பெற ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தக் கட்டணத்தைப் புகார் தந்தவரையே செலுத்தச் சொல்லலாம். அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்புக்கு இந்தப் பாதை நீளமானது.

அதனால்தான் சர்வீஸ் சென்டரில் எழுதித் தரும் ஜாப் ஷீட் என்னும் பணித்தாள் விலைமதிப்புள்ளது. ஒரே போர்டு மூன்று முறை மாற்றப்பட்டதாக நிறுவனமே எழுதிக் கொடுத்த மூன்று தாள்களுக்கு முன்னால், நிபுணர் எங்கே என்ற கேள்வி வலுவிழக்கிறது. தாளில் “ஆன் ஆகவில்லை” என்று மட்டும் எழுத விடக்கூடாது. எவ்வளவு நேரம் ஓடிய பிறகு என்ன ஆனது, இது எத்தனையாவது முறை, முந்தைய புகார் எண்கள் எவை என்று எழுதச் சொல்ல வேண்டும். மறுத்தால் அன்றைக்கே மின்னஞ்சலில் அதையே எழுதி அனுப்பிவிடலாம். கழற்றிய பாகத்தின் எண், வைத்த பாகத்தின் எண் இரண்டும் தாளில் இருக்கட்டும். பல நிறுவனங்களில், வேலை முடிந்ததும் கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கேட்பார்கள். அதைச் சொன்னதும் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். ஓரிரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

போர்டு மாற்றும் முன் தரவுகளைக் காப்பது பற்றிச் சுருக்கமாக: விண்டோசின் பிட்லாக்கர் என்னும் குறியாக்கப் பூட்டு இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டை வேறிடத்தில் எழுதி வைக்க வேண்டும். பூட்டின் சாவி பழைய போர்டோடு போய்விடும். புதிய போர்டு அந்தக் குறியீட்டைக் கேட்கும். சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடல்களில், போர்டோடு கோப்புகளும் போய்விடும். மாற்றிய போர்டில் பழைய சீரியல் எண்ணைப் பதிய மறந்துவிடுவதும் உண்டு. அடுத்த முறை “உங்கள் கணினி எங்கள் பதிவில் இல்லை” என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பயாஸ் திரையில் எண்ணைச் சரிபார்த்துவிட வேண்டும்.

முழுக் கணினியையே மாற்றித் தர நிறுவனம் முன்வந்தால் பாதிப் போர் முடிந்தது. மீதி, எதைத் தருகிறார்கள் என்பதில். மேற்சொன்ன சிப்களுக்காக என்விடியா மீது தொடுக்கப்பட்ட வழக்கின் 2010ஆம் ஆண்டுச் சமரசத்தில், எச்பி வாடிக்கையாளர்களுக்கு ஈடாகக் காம்பாக் பிரிசாரியோ வகை எளிய மடிக்கணினி ஒதுக்கப்பட்டது. மடக்கித் திருப்பி எழுதும் திரையுள்ள விலையுயர்ந்த கணினி வைத்திருந்தவர்கள் இது எப்படி நிகராகும் என்று கொதித்தெழுந்து ஆட்சேபித்தார்கள். ஆகவே செயலி, நினைவகம், திரை, எடை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே பழையதைத் திருப்பித் தர வேண்டும். மாற்றுக் கணினிக்கு வாரன்ட்டி புதிதாகத் தொடங்குமா, பழையதன் எஞ்சிய நாள்கள்தானா என்பதும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் எஞ்சிய நாள்கள்தான். கேட்டால் சிலர் கூட்டித் தருகிறார்கள்.

பிரான்சில் 2021 ஜனவரி முதல், விற்பனைக்கு வைக்கும் மடிக்கணினியில் பழுதுநீக்க எளிமைக்கான மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் பழுதுநீக்குவது எளிதா என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரு மாடலில் போர்டு மாற்றியவர்களில் எத்தனை பேர் மீண்டும் அதே போர்டுக்காக வந்தார்கள் என்ற எண்ணை உலகில் எந்த நிறுவனமும் பெட்டியில் அச்சிடுவதில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் எண் இருப்பதால் அந்தக் கணக்கு அவர்களுடைய கணினிகளில் நிச்சயம் இருக்கிறது. இந்தியாவில் 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, ஒரு வகுப்பாகப் பாதிக்கப்பட்ட நுகர்வோர் சார்பில் விசாரிக்கவும், ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெற உத்தரவிடவும் அதிகாரம் இருக்கிறது. ஒரே மாடலில் ஒரே பாகம் மறுமுறை மாற்றப்பட்ட எண்ணிக்கையை ஆண்டுதோறும் நிறுவனங்களிடமிருந்து கேட்டு வாங்கி வெளியிடும் பணியை அந்த ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஆஸ்திரேலியத் திருத்தத்துக்கு நிகரான ஒரு பிரிவை நம் சட்டத்திலும் சேர்க்க வேண்டும்.